தராசு முள்ளும் நம் மலைநாடும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வல்லரசுகளின் படைப் பயமுறுத்தலையும், நாடுகளிடையே நிலவும் வலிமைச் சமநிலையையும் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். இச்செய்தி வெளியானதும் பெரியவர் ஒருவர் நம்மை வழியில் நிறுத்தி, "தம்பி, கொழுந்து விலையைப் பேசினால் பயனுண்டு, கூலியைப் பேசினால் பயனுண்டு. எங்கோ கடலில் ஓடும் போர்க்கப்பலைப் பேசி நமக்கு ஆகப்போவது என்ன?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை கூற முயல்வதே இந்தப் பேச்சின் நோக்கம்.

நம் தாய்மார்களிடமிருந்தே தொடங்குவோம். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது அவர்கள் எங்கே பார்க்கிறார்கள்? கணக்கெழுதுபவரின் முகத்தையா? இல்லை. தராசின் முள்ளைப் பார்க்கிறார்கள். அரைக் கிலோ குறைந்தாலும் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. நாள் முழுவதும் மழையிலும் பனியிலும் நின்று பறித்ததன் பலன் அந்த முள்ளில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். உலகத்திலும் ஒரு தராசு தொங்குகிறது. அதன் முள்ளிலும் நம் வாழ்வு இருந்திருக்கிறது, இன்றும் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் நாம் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

வலிமைச் சமநிலை என்றால் என்ன? கடைத்தெருவில் தட்டுத் தராசு பார்த்திருக்கிறோம். ஒரு தட்டில் ஒரு நாடு பத்துக் கப்பல்களை வைக்கிறது. எதிர்த் தட்டுத் தாழ வேண்டுமென்று மற்ற நாடு பதினைந்து வைக்கிறது. முன்னது தன்னிடம் கப்பல் போதாதபோது அயல்நாட்டுத் துறைமுகமொன்றைத் தூக்கி வைக்கிறது; பின்னது அதற்கீடாக வேறொரு நாட்டின் நட்பைத் தூக்கி வைக்கிறது. முள் நேராக நிற்கும்வரை ஒருவர்மீது ஒருவர் பாயத் தயங்குவர் என்பதே இத்தத்துவம்.

இது மேனாட்டார் கண்டுபிடித்த புதுமையன்று. அயலரசைப் பகையாகவும், அவ்வயலுக்கு அப்பாலுள்ள அரசை நட்பாகவும் கொண்டு கணக்கிடும் முறையைக் கௌடில்யர் தமது அர்த்தசாஸ்திரத்தில் வகுத்துள்ளார். வள்ளுவப் பெருந்தகையும் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே அமைத்து, செயலின் வலிமை, தன் வலிமை, மாற்றான் வலிமை, துணைவரின் வலிமை ஆகிய நான்கையும் நிறுத்துப் பார்க்கச் சொல்கிறார்.

ஆகவே இச்சமநிலையை முழுவதும் தீதென்று தள்ளிவிட முடியாது. 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாக்கியிலும் வீசப்பட்டபின் அணுகுண்டு எந்த யுத்தத்திலும் வீசப்படவில்லை. தாக்கினால் தாமும் அழிவோம் என்ற அச்சம் அதற்கொரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சமநிலை வேறு, சமாதானம் வேறு. முள் நேராக நிற்கிறது என்பதற்காகத் தட்டில் பாரம் இல்லையென்று ஆகிவிடாது. 2024ஆம் ஆண்டில் மட்டும் உலக நாடுகள் படைகளுக்காகச் செலவிட்ட தொகை 2 இலட்சத்து 71 ஆயிரம் கோடி டொலருக்கு மேல் என்று ஸ்டொக்ஹோம் ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டிருக்கிறது. இத்தனை பாரத்தைத் தாங்கும் கயிறு என்றைக்கு அறுமோ!

நம் தோட்டங்களில் அர்ச்சுனன் தபசு ஆடுகிறோம். தவமிருந்து அர்ச்சுனன் பெற்றது பாசுபதாஸ்திரம். எளியோர்மீது ஏவினால் உலகமே அழியும் என்ற எச்சரிக்கையோடுதான் சிவபெருமான் அதனை அருளினார். இன்று ஒன்பது நாடுகளின் கையில் அத்தகைய அஸ்திரம் இருக்கிறது. எச்சரிக்கை செய்து கொடுத்தவர் ஒருவரும் இலர்.

இனி, இந்தத் தராசு நம் மலைநாட்டை எப்படித் தொட்டது என்று பார்ப்போம்.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்த மாதம் இரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9இல் திருகோணமலையைத் தாக்கின. அதே நாளில் ஹேர்மீஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. கொழும்பிலிருந்து மக்கள் கூட்டங் கூட்டமாக வெளியேறினர். மலைநாட்டில் குண்டு விழவில்லை. ஆனால் பர்மாவிலிருந்து வந்த அரிசி நின்றது. அரிசிக்குப் பங்கீடு வந்தது; கோதுமை மா வந்தது. நாம் இன்று விரும்பியுண்ணும் ரொட்டிக்குப் பின்னாலும் ஒரு கடற்படையின் கதை இருக்கிறதென்பதை வாலிபர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

அக்காலத்தில் நம் மூதாதையர் பறித்த கொழுந்தும் ஒரு போர்ச் சாதனமாயிற்று. இங்கிலாந்தில் 1940 யூலையில் தேயிலைக்குப் பங்கீடு விதித்து, ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ் என்று நிர்ணயித்தார்கள். அந்த இரண்டு அவுன்ஸ் தவறாமல் கிடைக்க வேண்டுமென்று பிரித்தானிய அரசாங்கமே நம் தேயிலையை மொத்தமாக வாங்கியது. மலாயா போனபின் நேசநாடுகளின் ரப்பர்த் தேவைக்கு இலங்கையே முக்கிய ஆதாரமாயிற்று. போர்முனையில் நின்ற வீரர்களுக்குப் பதக்கம் கிடைத்தது. மலைச்சரிவில் நின்றவர்களுக்கோ, யுத்தம் முடிந்த மூன்றே ஆண்டுகளில் வேறொன்று கிடைத்தது: 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் பிரஜாவுரிமையை இழந்தனர். அடுத்த ஆண்டே வாக்குரிமையையும் இழந்தனர்.

யுத்தத்துக்குப்பின் உலகம் இரண்டு தட்டாகப் பிரிந்தது. ஒன்றில் அமெரிக்கா, மற்றதில் சோவியத் ருஷ்யா. இலங்கை சுதந்திரம் பெறுமுன் 1947 நவம்பரில் பிரித்தானியாவுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்திருந்தது. திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்கா விமானத் தளமும் பிரித்தானியர் வசமே இருந்தன. இதைக் காட்டி, இலங்கை உண்மையில் சுதந்திர நாடன்று என்று ருஷ்யா ஐக்கிய நாடுகள் சபையில் நம் நாட்டைச் சேரவொட்டாமல் தடுத்தது. 1955 டிசம்பரில்தான் நமக்கு அங்கே ஆசனம் கிடைத்தது. அத்தளங்கள் 1957இல் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டன.

சிறிய நாடு இரு தட்டுகளுக்கிடையே நசுங்கத்தான் வேண்டுமா? இல்லை என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1952இல் உலகச் சந்தையில் அரிசி கிடைப்பது அரிதாயிற்று; ரப்பரின் விலையோ வீழ்ந்தது. அப்போது சீனாவுக்கு ரப்பர் விற்கக் கூடாதென்று அமெரிக்கா தடுத்துக் கொண்டிருந்தது. ஆயினும் அவ்வாண்டு டிசம்பரில் இலங்கை சீனாவுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்து, ஆண்டுக்கு 50,000 தொன் ரப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி பெற்றது. அதைச் செய்தது பொதுவுடைமை அரசாங்கமன்று. மேற்கு நாடுகளோடு மிக நெருங்கியிருந்த அரசாங்கமே செய்தது. தன் மக்களின் வயிற்றை முதலில் நினைத்தால், எந்தத் தட்டிலும் ஏறாமல் இரண்டையும் பார்த்துப் பேசச் சிறிய நாட்டுக்கும் துணிவு வரும் என்பது இதன் பாடம்.

1962 அக்டோபரில் உலகம் மூச்சடைத்து நின்றது. கியூபாவில் ருஷ்யா வைத்த ஏவுகணைகளால் அமெரிக்காவும் ருஷ்யாவும் அணுயுத்தத்தின் விளிம்புக்கு வந்தன. அதே மாதம் 20ஆம் திகதி இமயமலை எல்லையில் சீனப்படை இந்தியாமீது பாய்ந்தது. நவம்பர் 21இல் சீனா தானாகவே போர்நிறுத்தம் அறிவித்தது. டிசம்பரில் பிரதம மந்திரி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா, பர்மா, கம்போடியா, இந்தோனேசியா, கானா, ஐக்கிய அரபுக் குடியரசு ஆகிய நாடுகளைக் கொழும்புக்கு அழைத்து மாநாடு நடத்தினார். அங்கே உருவான யோசனைகளைத் தாமே பீக்கிங்குக்கும் டில்லிக்கும் கொண்டு சென்றார். எல்லைத் தகராறு அதனால் தீர்ந்துவிடவில்லை. எனினும் படையால் சிறிய ஒரு நாடு, இரு பெருநாடுகளுக்கிடையே தூது சென்றது. பாரதக் கதையில் கண்ணபிரான் சென்ற தூதும் யுத்தத்தைத் தடுக்கவில்லை; ஆயினும் தூது சென்றது வீண் என்று எவரும் சொல்வதில்லை.

அன்பர்களே, இதுவரை சொன்னது நாட்டுக்குப் பெருமை தருவது. இனிச் சொல்லப்போவது நெஞ்சை அறுப்பது. இரண்டும் ஒரே தராசில் நடந்தவை.

இமயத்தில் தோல்வி கண்ட இந்தியா, அயலவரின் நட்பைத் தேடியது. சுற்றியுள்ள நாடுகள் சீனாவின் பக்கம் சாய்ந்துவிடலாகாதே என்ற கவலை டில்லிக்கு இருந்தது. 1964 மே மாதம் நேரு மறைந்தார். இந்திய வம்சாவளியினர் இலங்கையில் பிறந்து வளர்ந்தவர்கள், அவர்களை ஏற்கும் பொறுப்பு இலங்கைக்கே உரியது என்பது நேருவின் நெடுநாள் நிலைப்பாடு. அவருக்குப்பின் லால் பகதூர் சாஸ்திரி பிரதமரானார். அவ்வாண்டு அக்டோபர் 16இல் சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்துச் சோதித்தது. அதற்குப் பதினான்காம் நாள், அக்டோபர் 30இல், டில்லியில் ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அயலவரின் நட்பு வேண்டுமென்ற கணக்கும் அந்தக் கையெழுத்தின் பின்னே இருந்ததென வரலாற்றாசிரியர் பலர் எழுதியிருக்கின்றனர்.

அந்த ஒப்பந்தத்தின் எண்களைச் சொல்கிறோம், கேளுங்கள். நாடற்றவர் மொத்தம் 975,000 பேர். இந்தியா ஏற்பது 525,000. இலங்கை ஏற்பது 300,000. மிஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது. பின்னர், 1974இல், அவர்களையும் 75,000, 75,000 என்று சரிபாதியாகப் பங்கிட்டார்கள். ஏழுக்கு நான்கு என்ற வீதத்தில் ஆட்களைக் கணக்கிட்டார்கள். கொழுந்தைக்கூட நல்லது, முற்றியது என்று பார்த்துத்தான் பிரிப்பார்கள். இங்கே மனிதர் வெறும் எண்ணிக்கையாயினர்.

அந்த மேசையில் நம்மவர் கையெழுத்து இல்லை. நம் மக்களிடம் வாக்கெடுப்பு இல்லை. வாக்கில்லாதவனிடம் யார் வந்து கேட்பார்? விண்ணப்பப் பத்திரம் லயத்துக்கு வந்தபோதுதான் இங்குள்ளோர் விஷயத்தையே அறிந்தனர். ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியக் கடவைச்சீட்டு, தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று பிரிந்த குடும்பங்கள் எத்தனை! மலைநாட்டுப் புகையிரத நிலையங்களில் இருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டியை நம் மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று அழைத்தார்கள். பெயர் வைத்தவர் புலவர் அல்லர். மேடையில் நின்று அழுதவர்கள். வண்டி நகரும்போது சன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடியவர்களில் சிலர் இன்று இச்சபையில் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் விரும்பினால் நம்மைவிட நன்றாக இந்தச் சொற்பொழிவை நிகழ்த்துவார்கள்.

கடல் கடந்தவர்களுள் பலர் நீலகிரிக் குளிரில் மீண்டும் தேயிலைக் கூடையைச் சுமந்தனர். அங்கே அவர்கள் 'சிலோன்காரர்' எனப்பட்டனர். இங்கே 'இந்தியாக்காரர்' எனப்பட்டவர்களும் அவர்களே. 1980களில் யுத்தத்தால் கப்பல் நின்றபோது, கடவைச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் பலர் இங்கே தவித்தனர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டந்தான், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் அவர்தம் சந்ததியாருக்கும் பிரஜாவுரிமைக் கதவைத் திறந்தது. எந்தத் திகதி நம்மை எண்ணாக்கியதோ, அதே திகதியைக் குறித்தே நம்மை மீண்டும் பிரஜையாக்கினார்கள். இடையே முப்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன.

இக்கதி நமக்கு மட்டும் வந்ததன்று. நமக்குத் தெற்கே, இதே இந்து சமுத்திரத்தில் சாகோஸ் என்னும் தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே தென்னந்தோட்டங்களில் உழைத்த மக்கள், நம்மைப் போன்றே பிறர் தோட்டத்துக்காகக் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க, இந்திய மக்களின் வழிவந்தவர்கள். 1965இல் பிரித்தானியா அத்தீவுகளை மொரீசியஸிலிருந்து பிரித்தெடுத்தது. டியேகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் அமைவதற்காக 1968 முதல் 1973 வரை அம்மக்கள் முழுவதும் வெளியேற்றப்பட்டனர். அத்தளம் யாருக்கெதிராக? ருஷ்யாவுக்கெதிராகத் தராசு முள்ளை நேராக்குவதற்காக. அப்பிரிப்பினால் மொரீசியஸின் குடியேற்ற நீக்கம் சட்டப்படி முறையாக நிறைவேறவில்லை என்று சர்வதேச நீதிமன்றம் 2019 பெப்ரவரியில் கருத்துரைத்தது. தென்னந்தோட்டத் தொழிலாளியும் தேயிலைத் தோட்டத் தொழிலாளியும் ஒரே தராசில் படிக்கல்லாக வைக்கப்பட்டவர்கள் என்பதை மறவாதீர்கள்.

இலங்கையும் சும்மாயிருக்கவில்லை. இந்து சமுத்திரம் சமாதானப் பிரதேசமாக வேண்டும் என்ற தீர்மானத்தை ஐக்கிய நாடுகள் சபையில் முன்னின்று கொண்டுவந்தது. 1971 டிசம்பர் 16இல் அது நிறைவேறிற்று. அதே மாதத்தில்தான், பங்களாதேஷ் யுத்தத்தையொட்டி, எண்டர்பிரைஸ் என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் வங்காள விரிகுடாவை நோக்கி வந்தது. ருஷ்யக் கப்பல்கள் அதைத் தொடர்ந்தன. தீர்மானம் காகிதத்தில் இருந்தது; கப்பல்கள் நீரில் இருந்தன.

இன்றைய நிலை என்ன? தட்டுகளில் இருப்பவர்கள் மாறியிருக்கிறார்கள், தராசு மாறவில்லை. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீனக் கம்பனியிடம் சென்றது. திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகள் பற்றி 2022 ஜனவரியில் இந்தியக் கம்பனியோடு ஒப்பந்தம் ஆயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில், நாடு எரிபொருளுக்கு வரிசையில் நின்ற வேளையில், யுவான் வாங் 5 என்னும் சீனக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தது. வரலாமா கூடாதா என்று டில்லியும் பீக்கிங்கும் வாதிட்டன. நடுவே கொழும்பு தவித்தது.

"அம்பாந்தோட்டை எங்கே, அட்டன் எங்கே?" என்று கேட்க வேண்டாம். நாம் பறிக்கும் கொழுந்து கப்பலேறி எங்கே போகிறது? ஈராக், ஈரான், ருஷ்யா, துருக்கி ஆகிய நாடுகளுக்கெல்லாம் போகிறது. 1990 ஆகஸ்டில் ஈராக்குக்குத் தடை விதிக்கப்பட்டபோது நம் தேயிலைச் சந்தை அதிர்ந்தது. ஈரானிடம் எண்ணெய் வாங்கிய 25 கோடி டொலர் கடனை, அமெரிக்கத் தடை காரணமாகப் பணமாகக் கொடுக்க இயலாமல், தேயிலையாகக் கொடுத்துத் தீர்க்க 2021 டிசம்பரில் உடன்பாடு கண்டார்கள். ஆகவே பெரியவர் கேட்ட கேள்விக்கு இதுவே விடை: கொழுந்து விலையைப் பற்றித்தான் நாம் இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருக்கிறோம்!

வாலிபர் சிலர், "அப்படியானால் பலமுள்ள ஒரு நாட்டைப் பிடித்துக்கொள்வதுதானே புத்தி?" என்று கேட்கலாம். மூதாதையர் நாடு கைவிடாதென்று நம்பியிருந்தோம். 1964இல் அந்நாடு தன் எல்லையை நினைத்தது. அதற்காக நாம் அதைப் பகைக்க வேண்டியதில்லை. தன் பாதுகாப்பை முதலில் நினைப்பதே அரசுகளின் இயல்பு. ஆனால் பிறர் தட்டில் தொங்குபவனைப் பிறரே இறக்கி வைப்பர் என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள் நாம். சொந்தக் காலில் நிற்பவனிடந்தான் எவரும் ஒரு வார்த்தை கேட்டுச் செய்வர்.

சொந்தக் கால் என்பது என்ன? வாலிபர்களுக்கு மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, பத்திரங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வாக்காளர் பதிவு ஆகியவை இல்லாத ஒருவர்கூட நம் லயங்களில் இருக்கலாகாது. பெயரில் ஓர் எழுத்துப் பிழையென்றாலும் திருத்திக் கொடுக்கச் சங்க வாலிபர்கள் முன்வர வேண்டும். பத்திரமில்லாதவனைத்தான் எளிதில் எண்ணிக்கையாக்கிவிடலாம் என்பதை நம் வரலாறு காட்டிவிட்டது.

இரண்டாவது, வாசிப்பு. சங்கத்து வாசிகசாலையில் விளையாட்டுப் பக்கம் மட்டும் கசங்கியிருக்கிறது. உலகச் செய்திப் பக்கம் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. வாரத்தில் ஒருநாள் ஒருவர் வாசிக்க, மற்றவர் கேட்டு விவாதிக்கும் வழக்கத்தை இவ்வாண்டிலேயே தொடங்க வேண்டும். பெரியோர்களும் வந்து, தாம் கண்ட பிரிவைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஒப்பாரிக் கோச்சியைக் கண்டவர்கள் நம்மிடையே என்றும் இருக்கப்போவதில்லை.

மூன்றாவது, கேள்வி. எந்த ஒப்பந்தம் வந்தாலும், அது வடக்கிலிருந்து வந்தாலென்ன, கிழக்கிலிருந்து வந்தாலென்ன, மேற்கிலிருந்து வந்தாலென்ன, இதைக் கேளுங்கள்: இதனால் இடம்பெயரப் போகிறவர்களிடம், உழைக்கப் போகிறவர்களிடம், கடன் சுமக்கப் போகிறவர்களிடம் சம்மதம் கேட்டார்களா? நமக்காக மட்டுமன்று, கடற்றொழிலாளிக்காகவும், தெற்கிலுள்ள சிங்கள விவசாயிக்காகவும் இக்கேள்வியைக் கேட்க வேண்டும். நமக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரும்போது நாம் வாய்மூடி இருப்போமாகில், நாம் பட்ட துன்பத்திலிருந்து ஒன்றும் கற்கவில்லையென்றே பொருள்.

உலகத் தராசை நிறுத்திவிட நம்மால் முடியாது. ஆனால் முள்ளைப் பார்க்க முடியும். நிறுவை பிழையென்றால் உரக்கச் சொல்ல முடியும். மடுவத்தில் நம் தாய்மார்கள் தினந்தோறும் அதைத்தான் செய்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளாகிய நாம் அவ்வளவாவது செய்வோமாக.